கேம்கார்டர் படமும் பழைய கம்ப்யூட்டரும்

விதைத் திருவிழா, களப் பயிற்சி, ஊர்ப் பெரியவர்களோட பேச்சு என்று பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி நம்மில் பலர் கையடக்க வீடியோ கேமராவில் படம் பிடித்து வைத்தோம். செல்போனில் படம் அவ்வளவு தெளிவாக வராத காலம் அது. அந்தப் படங்கள் இப்போது மெமரி கார்டிலும் பழைய ஹார்டு டிஸ்கிலும் தூங்குகின்றன. அதில் பேசியவர்களில் பலர் இன்று நம்மோடு இல்லை. சரி, எடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் போட்டால் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. குரல் ஒரு பக்கம், வாயசைவு ஒரு பக்கம். சிலதில் வெறும் கறுப்புத் திரைதான். உடனே "கார்டு கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அநேகமாகக் கார்டு நன்றாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

கடைக்காரரிடம் கேட்டால் "புதுசா ஒண்ணு வாங்கிடுங்க சார்" என்பார். அந்தக் காசுக்கு ஒரு மாடு வாங்கலாம். இருக்கிற மெஷினிலேயே இந்தப் படங்களைப் பார்க்கவும், மற்றவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி மாற்றவும் வழி இருக்கிறது. செலவு கிடையாது, பொறுமை வேண்டும். பயிர் வைக்கிறவனுக்குப் பொறுமையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில், ஏன் திக்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் தெரியாமல் மருந்தடிப்பது எப்படியோ, அப்படித்தான் இதிலும்.

சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து 2006-ல் ஏ.வி.சி.எச்.டி. என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு சில வருஷங்களில் வந்த பெரும்பாலான வீட்டு உபயோக கேம்கார்டர்கள் இந்த முறையில்தான் பதிவு செய்தன. கோப்பின் பெயர் எம்.டி.எஸ். என்று முடியும், சில சமயம் எம்.2.டி.எஸ். என்றும் இருக்கும். படம் 1920க்கு 1080 புள்ளிகள். அதற்கு முந்தைய டேப் கேமராவின் படம் 720க்கு 576. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. நொடிக்கு 25 படம் என்றால் 5 கோடியே 18 லட்சம் புள்ளிகளைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டு வரைய வேண்டும்.

கணக்கு என்று சொன்னது சும்மா இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கி லெட்ஜரோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் எனக்கு இது இப்படித்தான் விளங்கியது. பழைய டேப் கேமராவில் ஒவ்வொரு படமும் முழுசாகப் பதிவாகும். தினமும் முழு இருப்பையும் எழுதி வைக்கிற பாஸ்புக் மாதிரி. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் விவரம் அங்கேயே இருக்கும். ஏ.வி.சி.எச்.டி. அப்படி இல்லை. அது எச்.264 என்கிற சுருக்கும் முறையில் எழுதுகிறது. அரை நொடிக்கு ஒரு முறை வாக்கில் ஒரு முழுப்படத்தை எழுதும். அது ஓப்பனிங் பேலன்ஸ். அதற்குப் பிறகு வருகிற படங்களில் என்ன மாறியது என்பதை மட்டும் வரவு, செலவாக எழுதும். ஒரு படத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஓப்பனிங் பேலன்ஸிலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டு வர வேண்டும். இதில் இன்னொரு வில்லங்கம்: சில படங்கள் தனக்கு முன்னால் உள்ளதைப் பார்த்து மட்டுமல்ல, பின்னால் வரப்போவதைப் பார்த்தும் எழுதப்பட்டிருக்கும். பின்தேதியிட்ட காசோலையை இன்றைக்கே கணக்கில் கொண்டுவந்த மாதிரி. இத்தனையையும் நொடிக்கு 25 தடவை செய்து முடிக்க வேண்டும். பென்டியம் 4 காலத்து மெஷின் இதில் மூச்சுத் திணறும். கோர் 2 டியோ கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், காட்சியில் காற்றில் ஆடும் நெல்வயல் வந்துவிட்டால் அதுவும் தடுமாறும். மாறுகிற புள்ளிகள் அதிகமாகும்போது வரவு செலவுப் பதிவுகளும் அதிகமாகும் அல்லவா? உட்கார்ந்து பேசுகிற ஆள் சீராக ஓடுவார், வயல் வந்ததும் திக்கும். இதைக் கவனித்திருப்பீர்கள்.

இதில் கோப்பின் அளவைப் பார்த்து ஏமாறக்கூடாது. இந்தக் கேமராக்கள் நொடிக்கு 17 முதல் 24 மெகாபிட் வரை எழுதும். 24 மெகாபிட் என்றால் 3 மெகாபைட். மணிக்கு ஏறக்குறைய 11 ஜிபி. டேப் கேமராவின் படமும் கிட்டத்தட்ட அதே அளவுதான், மணிக்கு 13 ஜிபி வாக்கில் வரும். ஆனால் அது பழைய மெஷினிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். சுமை கோப்பின் எடையில் இல்லை, அதைப் பிரித்துப் படிப்பதில் இருக்கிறது.

கார்டிலிருந்து இறக்குவது

கார்டை ரீடரில் சொருகி அங்கிருந்தே ஓட்டிப் பார்க்காதீர்கள். ரொம்பப் பழைய கம்ப்யூட்டர்களில் யு.எஸ்.பி. 1.1 துளை இருக்கும். அதன் உச்ச வேகமே நொடிக்கு 12 மெகாபிட். 24 மெகாபிட் படம் அதில் எப்படி ஓடும்? அரை அங்குலக் குழாயில் வாய்க்கால் தண்ணீரை விடுகிற கதை. முதலில் ஹார்டு டிஸ்கில் இறக்கிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.

இறக்கும்போது கார்டில் 'பிரைவேட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'ஏ.வி.சி.எச்.டி.', அதற்குள் 'பி.டி.எம்.வி.', அதற்குள் 'ஸ்ட்ரீம்'. படம் இருப்பது கடைசியில் சொன்ன அந்த ஸ்ட்ரீமில்தான். ஆனாலும் அதை மட்டும் எடுக்காமல் 'பிரைவேட்' ஃபோல்டரை அப்படியே முழுசாகக் காப்பி செய்யுங்கள். கூட இருக்கிற சின்னச் சின்னக் கோப்புகளில் எந்தத் துண்டு எதோடு சேரும் என்கிற குறிப்பு இருக்கிறது.

இன்னொன்று, இதில் பலர் படத்தை இழந்திருக்கிறார்கள். கேமரா கோப்புகளுக்கு 00000, 00001 என்று பெயர் வைக்கும். கார்டை ஃபார்மட் செய்தால் பல கேமராக்களில் மறுபடி 00000-லிருந்து தொடங்கும். ஆக, தை மாத அறுவடையும் 00000, ஆடி மாத விதைப்பும் 00000. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் "ஏற்கெனவே இருக்கு, மாற்றவா?" என்று கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று தட்டினால் அறுவடை போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் வருஷம், மாதம், தேதி, ஊர், நிகழ்ச்சி என்று பெயரிட்டு ஒரு தனி ஃபோல்டர் போட்டு அதற்குள் இறக்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள்.

மாற்றாமலே ஓட்டிப் பார்க்க

விண்டோஸ் எக்ஸ்பிக்கு இந்தக் கோப்பை என்னவென்றே தெரியாது. விண்டோஸ் 7-ல் பெரும்பாலும் தானாகவே திறக்கும். எதுவாக இருந்தாலும் வி.எல்.சி. பிளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். "கோடெக் பேக்" என்று எங்கெங்கோ கிடைக்கிற மூட்டைகளைப் போடாதீர்கள். அதோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. நெட் பேங்கிங் செய்கிற கம்ப்யூட்டராக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

வி.எல்.சி.யில் 'டூல்ஸ்', அதில் 'பிரிஃபரன்சஸ்', அதில் 'இன்புட் / கோடெக்ஸ்' போங்கள். அங்கே இரண்டு இடம் முக்கியம். ஒன்று, 'ஹார்டுவேர் டீகோடிங்'. அதை 'ஆட்டோமேட்டிக்' என்று வையுங்கள். கிராபிக்ஸ் அட்டைக்கு எச்.264 தெரியும் என்றால் சுமையை அது வாங்கிக்கொள்ளும். எக்ஸ்பியில் வி.எல்.சி.க்கு இந்த வசதி கிடைக்காது, விஸ்டாவிலிருந்துதான். இரண்டாவது, எச்.264 'டீபிளாக்கிங் ஃபில்டரைத் தவிர்' என்று ஒரு வரி இருக்கும். அதை 'ஆல்' என்று மாற்றுங்கள். படத்தில் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் கம்ப்யூட்டருக்குச் சுமை நன்றாகக் குறையும். பார்ப்பதற்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு, கோப்பில் எதுவும் மாறாது.

ஓடுகிற ஆளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாகத் தெரிகிறதா? அதுவும் பழுது இல்லை. இந்தக் கேமராக்கள் பல, படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், ஐம்பதில் ஒரு நொடி கழித்து இரட்டைப்படை வரிகள். ஒரு சால் விட்டு ஒரு சால் உழுதுவிட்டு, திரும்பி வந்து மிச்சத்தை உழுவது போல. இடைப்பட்ட நேரத்தில் ஆள் நகர்ந்துவிடுவதால் இரண்டு உழவும் ஒட்டாமல் பல் தெரிகிறது. வி.எல்.சி.யின் 'வீடியோ' மெனுவில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை 'ஆன்' செய்தால் சரியாகும். அதில் 'யாடிஃப்' என்கிற வகை அழகாக இருக்கும், பழைய மெஷினுக்குச் சுமை. 'லீனியர்' போதும்.

இத்தனை செய்தும் திக்கினால், கிராபிக்ஸ் அட்டை ஒன்று பழைய விலைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். என்விடியாவின் 8400 ஜி.எஸ்., 210 போன்ற சின்ன அட்டைகளே எச்.264-ஐத் தானே பிரித்துப் படிக்கும். மதர்போர்டில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் நீளத் துளை இருக்கிறதா, கேபினட் ஒல்லியானதா என்று பார்த்து வாங்குங்கள். எக்ஸ்பி வைத்திருப்பவர்கள், மாற்றும் வேலைக்கே நேராகப் போய்விடுவது நல்லது.

கோணி மாற்றுவதும் அரைப்பதும்

"கன்வர்ட்" என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது இரண்டு வேறு வேலை. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி நேரம் மிச்சம்.

ஒன்று, நெல்லை ஒரு கோணியிலிருந்து இன்னொரு கோணிக்கு மாற்றுவது. எம்.டி.எஸ். என்பது வெறும் கோணி. உள்ளே இருக்கிற எச்.264 படத்தைத் தொடாமல் எம்.பி.4 என்கிற வேறு கோணியில் போடலாம். சில நிமிஷத்தில் முடியும், தரம் ஒரு மணி கூடக் குறையாது. எம்.டி.எஸ்.ஐத் திறக்காத பல டி.வி.களும் செல்போன்களும் எம்.பி.4-ஐத் திறந்துவிடும். ஆனால் பழைய கம்ப்யூட்டருக்கு இதனால் லாபமில்லை. நெல் அதேதான், சுமையும் அதேதான்.

இரண்டாவது, அரைப்பது. படத்தைப் பிரித்து, அளவைச் சிறிதாக்கி, மறுபடி சுருக்கி எழுதுவது. நேரம் பிடிக்கும், தரம் கொஞ்சம் குறையும், ஆனால் எதிலும் ஓடும். அரிசியைத் திரும்ப நெல்லாக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். சிறிதாக்கிய படத்தை மறுபடி பெரிதாக்கவும் முடியாது. எங்கள் பக்கத்தில் ஒருவர், விதையைச் சாம்பல் கலந்து பானையில் மூடி வைக்கிற முறையைத் தன் அப்பா செய்து காட்டியதை முழுசாகப் படமெடுத்து வைத்திருந்தார். டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கார்டைக் கொடுத்து டி.வி.டி. போட்டு வாங்கினார். டி.வி.டி. படம் 720க்கு 576தான். ஸ்டுடியோக்காரர் வேலை முடிந்ததும் கார்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டார். அப்பா இறந்த பிறகு பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது, சாம்பல் எவ்வளவு, விதையின் நிறம் எப்படி என்பதெல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. பானையின் வாயை எதை வைத்து அடைக்கிறார் என்றே தெரியவில்லை. அது மண்ணா, சாணமா என்று வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூலக் கோப்புதான் விதைநெல். அதை யாரிடமும் கொடுக்காதீர்கள், காப்பியைக் கொடுங்கள்.

கோணி மாற்றும் வேலைக்கு 'அவிடிமக்ஸ்' என்கிற இலவசச் செயலி போதும். கோப்பைத் திறந்து, 'வீடியோ அவுட்புட்' என்ற இடத்தில் 'காப்பி' என்றே விட்டுவிடுங்கள். 'ஆடியோ அவுட்புட்' என்ற இடத்தில் மட்டும் 'ஏ.ஏ.சி.' தேர்ந்தெடுங்கள். பல கேம்கார்டர்கள் ஒலியை டால்பி முறையில் பதியும். சில செல்போன்களில் அது கேட்காது, படம் மட்டும் ஊமையாக ஓடும். 'அவுட்புட் ஃபார்மட்' என்ற இடத்தில் 'எம்.பி.4 மக்ஸர்' வைத்து சேமியுங்கள்.

நீளமான பேச்சை எடுத்திருந்தால் கேமரா அதைத் துண்டு துண்டாக்கி வைத்திருக்கும். சிலது 2 ஜிபிக்கு ஒரு துண்டு, சிலது 4 ஜிபிக்கு ஒரு துண்டு. அந்தக் கார்டுகளின் ஃபேட் 32 அமைப்பில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வைக்க முடியாது, அதனால்தான். அவிடிமக்ஸில் முதல் துண்டைத் திறந்து, 'ஃபைல்' மெனுவில் 'அப்பெண்ட்' என்று அடுத்தடுத்த துண்டுகளைச் சேருங்கள். சில பதிப்புகள் வரிசை எண்ணைப் பார்த்துத் தாமாகவே சேர்க்கவா என்று கேட்கும். தேவையில்லாததை வெட்டுவதும் இங்கேயே செய்யலாம். ஆனால் படத்தைத் தொடாமல் வெட்டும்போது, நமக்கு வேண்டிய பகுதி முழுப்படத்தில்தான் தொடங்க வேண்டும். நான் மேலே சொன்ன ஓப்பனிங் பேலன்ஸ். கீபோர்டில் மேல் அம்பு, கீழ் அம்பை அழுத்தினால் அது முழுப்படங்களாகத் தாவிப் போகும். நடுவில் வெட்டினால் தொடக்கத்தில் படம் கலங்கி வரும்.

அரைக்கும் வேலை

இதற்கு 'ஹேண்ட்பிரேக்'. இதுவும் இலவசம். புதிய பதிப்புகள் பழைய விண்டோஸில் ஏறாது, உங்கள் விண்டோஸுக்குப் பொருந்துகிற பழைய பதிப்பை அதன் தளத்திலேயே தேடி எடுங்கள். கோப்பைத் திறந்ததும் வரிசையாக மெனுக்கள் இருக்கும். எல்லாவற்றையும் தொட வேண்டாம்.

அளவை 1280க்கு 720 என்று வையுங்கள். பயிற்சிக் கூடத்துப் புரொஜெக்டருக்கும் டி.வி.க்கும் இது தாராளம். 'ஃபில்டர்ஸ்' பகுதியில் 'டீஇன்டர்லேஸ்' போட மறக்காதீர்கள். போடாமல் மாற்றினால் அந்தச் சீப்புப் பல் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு. 'வீடியோ' பகுதியில் எச்.264, அதில் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' 21 அல்லது 22. எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். அதற்குப் பக்கத்தில் வேகத்துக்கு ஒரு தள்ளுகோல் இருக்கும். பழைய மெஷினில் 'வெரி ஃபாஸ்ட்' வையுங்கள். ஒலிக்கு ஏ.ஏ.சி., 160.

முழுப்படத்தையும் உடனே ஓட்டாதீர்கள். எங்கிருந்து எதுவரை என்று நொடியில் கொடுக்க இடமிருக்கிறது. ஆள் நடமாட்டமும் பயிரும் தெரிகிற ஒரு அரை நிமிஷத்தை மட்டும் மாற்றி, அதைப் பார்த்து, திருப்தியானால் மொத்தத்தையும் போடுங்கள். கோர் 2 டியோ மெஷினில் ஒரு மணி நேரப் படத்துக்கு என்னிடம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி நேரம் வரை ஆகிறது. இரவில் வரிசையில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

அப்படிப் போடும்போது கரண்ட் விஷயத்தை யோசிக்க வேண்டும். எம்.பி.4 கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்கிற பட்டியல், வேலை முழுசாக முடிந்த பிறகுதான் எழுதப்படும். மூன்றரை மணி நேரம் ஓடி, கடைசிப் பத்து நிமிஷத்தில் கரண்ட் போனால் மொத்தமும் திறக்காது. யு.பி.எஸ். இருந்தாலும் கால் மணி, இருபது நிமிஷம் தாங்கினால் அதிகம். அதனால் கேமரா வெட்டிய துண்டுகளை ஒட்டாமல் தனித்தனியாகவே வரிசையில் போடுங்கள். போனால் ஒரு துண்டுதான் போகும். இல்லையென்றால் எம்.கே.வி. என்கிற கோணியைத் தேர்ந்தெடுங்கள். அதில் பாதியில் நின்றாலும் நின்ற இடம் வரை பெரும்பாலும் ஓடும். அப்புறம், கேபினட்டைத் திறந்து விசிறியில் அடைந்திருக்கிற தூசியை ஒருமுறை தட்டிவிடுங்கள். நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் சூடாகித் தானே அணைந்துவிடும். கிராமத்து வீட்டில் உமித் தூசி போகாத இடம் ஏது?

இன்னொரு சமாச்சாரம். கேமரா, படமெடுத்த தேதியையும் நேரத்தையும் படத்துக்குள்ளேயே மறைவாக எழுதி வைக்கிறது. ஹேண்ட்பிரேக்கில் மாற்றும்போது அது போய்விடும். புதுக் கோப்பில் மாற்றிய அன்றைய தேதிதான் இருக்கும். எந்த மழைக்குப் பிறகு எடுத்தது, எந்தப் பட்டத்துப் பயிர் என்பது தேதியில்தானே இருக்கிறது. எடுத்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே முதலில் எழுதிவிடுங்கள்.

நிறையப் படம் இருப்பவர்கள் எல்லாவற்றையும் 720-க்கு மாற்றி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முதலில் 480 அளவில் சின்னதாக மாற்றி, அதைப் பழைய கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ நிதானமாகப் பார்த்து, எந்த நிமிஷத்தில் என்ன பேசுகிறார் என்று நோட்டில் எழுதுங்கள். 12-வது நிமிஷம் பஞ்சகவ்யம், 31-வது நிமிஷம் விதை நேர்த்தி என்கிற மாதிரி. அப்புறம் வேண்டிய பகுதியை மட்டும் மூலக் கோப்பிலிருந்து அவிடிமக்ஸில் வெட்டி எடுத்தால் முழுத் தரத்தோடு கிடைக்கும்.

பென் டிரைவில் கொடுக்கும்போது 4 ஜிபிக்கு மேல் உள்ள கோப்பு ஏற மறுத்தால் டிரைவ் ஃபேட் 32-ல் இருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றினால் ஏறும், ஆனால் பழைய டி.வி. சில அதைப் படிக்காது. கூட்டத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் துண்டாக வைத்து ஃபேட் 32-லேயே கொடுப்பது பத்திரம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது இன்னொரு தடவை அரைத்துவிடும்.

மூலக் கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு வெவ்வேறு வீட்டில் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து சொருகி, நடுவில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டு மூன்று கோப்புகளைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். கார்டைத் துடைப்பது இதெல்லாம் முடிந்த பிறகுதான்.